தூக்காமல் பூட்டிய கலப்பை

என் அன்புப் பிள்ளைக்கு,

கொழும்பு பஸ்ஸில் ஏறிய பிறகு நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. சனம் இடித்துக்கொண்டு ஏறுகிறது, தரிப்பிடத்தின் நடுவில் ஒரு கழுதை நகரமாட்டேன் என்று நிற்கிறது, சாரதி ஹோர்ன் அடிக்கிறார். அந்த இரைச்சலுக்குள் நீ யன்னலால் தலையை நீட்டி, "அம்மா, கலப்பை பூட்டுறது ரெண்டு பேற்ற வேலை. உங்களுக்கு இனி ஏலாது, எனக்குத் தனிய ஏலாது. மிசினை வித்துப்போடுவம்" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அதை நீ சம்மதமாக எடுத்திருப்பாய். அது சம்மதம் இல்லை. இத்தனை வருடம் படிப்பித்தவளுக்கு, ஒரு பிள்ளை பிழையான விடை சொன்னாலும் உடனே பிழை என்று சொல்லாமல் முதலில் தலையை ஆட்டிக் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ இடையில் மறித்துக் கேள்வி கேட்பாய், நான் தொடங்கிய இடத்தை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன். உன்னைப் போலவே சின்ன உழவு மிசின் வாங்கிவிட்டு, அதற்கு எந்தக் கலப்பை பொருந்தும் என்று தெரியாமல் நம் வீட்டுப் படலையைத் திறந்து வருகிறவர்கள் இப்போது இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். நீ வாசித்தபின் அவர்களுக்கும் இதைக் கொடுப்பதாக இருக்கிறேன். ஆகையால் உனக்கு நன்றாகத் தெரிந்ததையும் சில இடங்களில் விளக்குவேன். பொறுத்துக்கொள்.

உன் பழைய கந்தோர் உன்னைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறது. நீ பேசிப் பார்க்கப் போயிருக்கிறாய். இங்கே, மிசினை வாங்குவதற்காகச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன ஆள் ஞாயிற்றுக்கிழமை முடிவு கேட்டு வருகிறார். மாரி மழைக்கு முன்னால் கச்சான் கடலை போடும் காணித் துண்டை உழவேண்டும். உழுதால் நீ இங்கே இருக்கிறாய், உழாவிட்டால் இல்லை. இந்தக் காணியில் நீ தொடர்ந்து பயிர் செய்யப் போகிறாயா என்பது உன் மனதுக்குள்ளே முடிவாகவேண்டிய விசயம். ஆனால் நீ அதை என் முதுகில் வைத்து முடிவெடுக்கப் பார்க்கிறாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மிசின் வந்த நாளை நினைத்துப் பார். ஜப்பானில் யாரோ ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் ஓட்டிக் களைத்த நாலு சில்லு மிசின். லொறியிலிருந்து இறக்கியபோது, மீன்பிடி ஊரான அரிப்பிலிருந்து வந்திருந்த உன் மாமா அதைப் பார்த்து, "இது மிசினோ, மிசின் போட்ட குட்டியோ?" என்று கேட்டார். நீ கோபித்துக்கொண்டாய். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு வகுப்பில் எல்லோரிலும் சின்னதாக, ஆனால் காலை ஊன்றி நிற்கிற ஒரு பிள்ளை இருக்குமே, அந்த மாதிரி நின்றது. அதனோடு கலப்பை எதுவும் வரவில்லை. பின்னால் இரண்டு கீழ்க் கைகளும் ஒரு மேல் கையும், நடுவில் சுற்றுகிற ஒரு தண்டும்தான் இருந்தன. அந்த மூன்று கைகளிலும் எதைப் பூட்டுகிறோமோ அதுதான் இனி அந்த மிசின் என்று நீ சொன்னாய்.

அங்கேதான் சொந்தக்காரர்கள் உள்ளே வந்தார்கள். நறுவிலிக்குளத்துப் பெரியப்பா, நெல் வயலிலேயே வளர்ந்தவர், தன் பெரிய மிசினுக்கு வைத்திருந்த பழைய சுழல் கலப்பையை ஏற்றிக்கொண்டு வந்தார். சுழல் கலப்பை என்றால் கத்திகள் சுற்றி நிலத்தைக் கொத்திப் பொடியாக்குவது. அகலம் ஐந்து அடி. நம் மிசினின் பின் சில்லுகள், ஒன்றின் வெளி ஓரத்திலிருந்து மற்றதன் வெளி ஓரம்வரை மூன்றரை அடி. நான் அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "மிசின் சின்னன் எண்டாக் கலப்பையாவது பெரிசா இருக்கட்டும், ரீச்சர்" என்றார். வயல் ஊரில் ஒருவனின் மிசினை அதன் பின்னால் இழுபடுகிற இரும்பின் அகலத்தை வைத்துத்தான் மதிக்கிறார்கள். அவர் அன்போடுதான் கொண்டு வந்தார். நாமும் அன்போடுதான் பூட்டினோம். நீ பிடியை இழுத்துக் கலப்பையை உயர்த்தியபோது கலப்பை எழும்பவில்லை, மிசினின் முன் சில்லு இரண்டும் எழும்பின. சுக்கானை நீ எந்தப் பக்கம் திருப்பினாலும் அது தான் நினைத்த பக்கம் போனது. மாமா வேலி ஓரத்தில் நின்று, "அக்கா, கழுதை உதைக்கப் போகுது, தள்ளி நில்லுங்கோ" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அண்ணனின் சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு வருகிற சின்னப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சப்பாத்து நல்ல சப்பாத்து. பிள்ளையும் நல்ல பிள்ளை. ஆனால் அது நடப்பதற்குப் பதிலாகச் சப்பாத்தைக் காவித் திரியும். கலப்பையும் அப்படித்தான். அதன் அகலம் பின் சில்லுகளின் வெளி ஓரத்தை மூடி, இரண்டு பக்கமும் நாலு விரல் கூடுதலாக நின்றால் போதும். அதற்குக் குறைந்தால் சில்லு மிதித்த தடம் உழாமல் இறுகிக் கிடக்கும். அதற்குக் கூடினால் மிசின் முழு மூச்சையும் அங்கே விட்டுவிடும். பாரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: கலப்பையை முழு உயரத்துக்குத் தூக்கி நிறுத்திவிட்டு முன் சில்லைக் காலால் தள்ளிப் பார்க்கவேண்டும். அது மண்ணை அழுத்திப் பிடித்தபடி நின்றால் சரி. லேசாக அசைந்தாலும் முன்னால் பாரம் போடவேண்டும். மாமா தன் பழைய நங்கூரத்தைக் கொண்டுவந்து நம் மிசினின் மூக்கில் தொங்கவிட்டது நினைவிருக்கிறதா? கடலில் வள்ளத்தை நிறுத்துவதற்குச் செய்த சாமான் தோட்டத்தில் மிசினை நிலத்தில் நிறுத்தியது. ரோட்டால் போகிறவர்கள் இன்றைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

பொருந்தவேண்டியது மிசினோடு மட்டும் இல்லை, மண்ணோடும் என்பதை அந்த முதல் போகம் நமக்குக் காட்டியது. வயலில் மண்ணைக் கூழாக்கவேண்டும், அங்கே அதுதான் உழவு. நம்முடையது மன்னார்த் தீவு மணல். அது பிறக்கும்போதே பொடியாகப் பிறந்தது. அதைப் பெரியப்பாவின் சொல் கேட்டு இரண்டு தடவை ஆழமாகச் சுழல விட்டோம். சோளகக் காற்று எழும்பியபோது நம் மேல்மண் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள் போய் விழுந்தது. அந்த வீட்டு அக்கா இரண்டு கிழமை நம்மோடு கதைக்கவில்லை. கீழே கிடந்த உப்பு ஈரத்தையும் நாமே புரட்டி மேலே கொண்டுவந்திருந்தோம். பயித்தங்கொடியின் இலை ஓரமெல்லாம் நெருப்புப் பட்டதுபோலக் கருகியது. அதன்பின் நீ பெரிய கலப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று சாமான்கள் வாங்கினாய். மணலைக் கீறி மட்டும் விடுகிற கொத்துக்கலப்பை ஒன்று, வரம்புபோல மண்ணை அணைக்கிற பார்க்கலப்பை ஒன்று, எருவை மேல்மண்ணோடு கலப்பதற்கு மட்டும் நம் சில்லு அகலத்துக்கு ஏற்ற சின்னச் சுழல் கலப்பை ஒன்று. கொத்துக்கலப்பையை ஒரு சாணுக்குமேல் இறக்குவதில்லை என்றும் தீர்மானித்தாய். அடுத்த போகத்துக் கச்சானை அவித்து நாம் சாப்பிட்ட அன்று, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு சுளகு நிறையக் கொடுத்தனுப்பினாய். கதை திரும்பத் தொடங்கியது.

கைகளில் கலப்பையை மாட்டுகிற கொக்கிகள், துளைக்குள் போடுகிற இரும்பு ஊசிகள் விசயத்தை நீ பட்டணத்து லேத் கடையில் நின்றே தீர்த்துக்கொண்டாய். இதை மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: பெரிய மிசினின் சாமானில் உள்ள துளை பெரிது. சின்ன மிசினின் ஊசி அதற்குள் ஆடும், ஆடுகிற ஊசி ஒருநாள் முறியும். துளைக்குள் ஒரு இரும்பு வளையத்தை இறுக்கி அளவைச் சரியாக்கவேண்டும். சுற்றுகிற தண்டை இணைக்கும் கோலும் மிசினுக்கு மிசின் நீளம் வேறு. நீளமாக இருந்தால் கலப்பையை உயர்த்தும்போது அது தானே முட்டி வளையும். அளந்து வெட்டுவிக்கவேண்டும். இதெல்லாம் ஒருமுறை செய்தால் முடிந்துபோகிற வேலை.

முடியாத வேலை ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் பூட்டுவதும் கழற்றுவதும். நீ மிசினைப் பின்னால் எடுப்பாய். மூன்று கைகளும் கலப்பையின் மூன்று துளைகளுக்கு நேரே ஒருநாளும் வந்ததில்லை. நான் கலப்பையைத் தூக்கி அசைத்து, இடுப்பால் இடித்து, "இன்னும் கொஞ்சம், போதும், போதும் எண்டு சொல்லுறனெல்லோ" என்று கத்துவேன். ஊசி ஒன்று விழுந்தால் மணல் விழுங்கிவிடும். அப்படி ஒரு ஊசி தொலைந்த நாளில்தான் மாமாவின் கயிற்றுக் கதை நடந்தது. இருவரும் முழங்காலில் நின்று மணலை அரித்துக்கொண்டிருந்தோம். மாமா வந்தார். ஊசியை ஏன் தேடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, தன் நைலோன் கயிற்றால் சுழல் கலப்பையை மேல் கையோடு கட்டினார். "இது கடலிலயே அறாத கயிறு" என்றார். அறவில்லைதான். ஆனால் தண்டு சுற்றத் தொடங்கியதும் கயிற்றின் தொங்கல் நுனி அதற்குள் போனது, அது குனிந்து பார்த்த மாமாவின் தோளில் கிடந்த துவாயை இழுத்துக்கொண்டது. கண் மூடித் திறப்பதற்குள் துவாய் இல்லை. நீ உடனே இயந்திரத்தை நிறுத்தினாய். அவர் தேநீரைக் குடித்தபடி, "துவாயோட போச்சுது. இடுப்பில கிடந்த சாரமா இருந்திருந்தா என்ன கதி" என்றார். நாம் சிரித்தோம். சிரித்தபடியே நீ வெளியே போய் அந்தத் தண்டுக்கு ஒரு மூடி அளவெடுத்தாய். தண்டு சுற்றும்போது யாரும் கிட்டப் போவதில்லை என்ற சட்டமும் அன்றைக்குத்தான் வந்தது.

என் முதுகு பிடித்தது அதற்குப் பிறகு. சின்னச் சுழல் கலப்பைதான், ஆனால் இரும்பு இரும்புதான். இடுப்பால் இடித்த இடத்திலேயே நின்றுவிட்டேன். மன்னார் ஆசுபத்திரியில் டொக்டர் தம்பி படத்தைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இனி ஒண்டும் தூக்கக்கூடாது. தண்ணி வாளியும்தான்" என்றார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வந்த நோவைவிட உனக்கு வந்த குற்ற உணர்வு பெரிதாக இருந்தது. என்னைப் பார்க்க வந்த பெரியப்பா, தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தபடி உன்னிடம் சொன்னார்: "பூட்டிக் கழட்ட வீட்டில ஒரு ஆம்பிளை இருக்கவேணும். அதுக்காவது ஒரு கலியாணத்தைக் கட்டன், பிள்ளை." நீ சிரித்துவிட்டு, தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே போனாய். தேத்தண்ணி போட இவ்வளவு நேரம் எடுக்காது என்று எனக்குத் தெரியும். நான் எழும்பி வரவில்லை, எழும்ப முடியவில்லை.

அன்றைக்கு அவருக்குச் சொல்லாத பதிலை இன்றைக்கு உனக்குச் சொல்கிறேன். உனக்கு ஒருவரைப் பிடித்தால் கட்டு. நான் சந்தோசப்படுவேன், பெரியப்பா நாலு ஊருக்குச் சொல்லுவார். பிடிக்காவிட்டால் இரு, அதற்காக நான் ஒருநாளும் முகம் கோணமாட்டேன். ஆனால் கலப்பை தூக்குவதற்காக ஒருவனைக் கட்டாதே. அவனுக்கும் ஒருநாள் முதுகு பிடிக்கும். அதன்பிறகு கலப்பையையும் அவனையும் யார் தூக்குவது?

இனி நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மாமி என் முதுகுக்குக் காய்ச்சிய எண்ணெய் வாங்குவதற்கு அரிப்புக்குப் போனேன். பின்னேரம் கரையில் ஒரு கவிழ்த்த வள்ளத்தில் சாய்ந்துகொண்டிருந்தேன். மாமாவின் படகு வந்தது. அதைக் கரைக்கு ஏற்ற நாலைந்து பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். நல்ல உடம்பு, ஆனால் படகு ஏற்றிப் பழக்கம் இல்லை. அவன் படகின் ஓரத்தில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தான். மாமா அவனை அதட்டினார். "தூக்காத, தம்பி. படகைத் தூக்கினவனுக்கு முதுகு, நாரி ஒண்டும் இருக்காது. உருளைக்கட்டையைப் போட்டுட்டுச் சும்மா தள்ளு." பலகை போட்டார்கள், பலகையில் கட்டைகள் வைத்தார்கள், படகு தன் பாட்டில் ஏறிக்கொண்டு போனது. நம் சுழல் கலப்பை மாதிரிப் பல மடங்கு பாரம் அது. அதை அங்கே ஒருவரும் தூக்கவில்லை.

நான் எண்ணெய்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லை யோசித்துக்கொண்டு இருந்தேன். நம் வீட்டில் பெரியப்பா முதல் நீ வரை எல்லோரும் எப்படிச் சொல்லுகிறோம்? "கலப்பையைத் தூக்கிப் பூட்டு." மாட்டுக் கலப்பை மரம். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகலாம், தூக்கித்தான் பூட்டவும் வேண்டும். மரம் போய் இரும்பு வந்தது, மாடு போய் மிசின் வந்தது, தூக்கி என்ற சொல் மட்டும் போகவில்லை. வயல்காரரின் சொல்லைக் கேட்டு, தூக்குவதற்கென்றே கை வைத்துச் செய்த ஒரு மிசினுக்குப் பின்னால் நின்று, நாம் இரண்டு பெண்கள் இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். தூக்குவது மிசினின் வேலை. நம்முடைய வேலை அதன் கைக்கு எட்டும் இடத்துக்கு இரும்பை நகர்த்துவது மட்டும்தான். வகுப்பில் ஒரு கணக்கைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பிழைவிட்டால் நான் விடையைப் பார்க்கமாட்டேன், கேள்வியை எப்படி வாசித்தார்கள் என்று பார்ப்பேன். இங்கே நாம் கேள்வியையே பிழையாக வாசித்திருந்தோம்.

மாமாவிடம் சொன்னேன். அவர், "அக்கா, தோட்டத்துக்குள்ள கடல் கொண்டு வரப்போறீங்களோ?" என்று கேட்டார். ஆனால் மறுநாளே வந்துவிட்டார். பழைய படகுப் பலகைகள் இரண்டைக் கொட்டிலுக்கு முன்னால் மணலில் தண்டவாளம்போலப் பதித்தார். மேலே இரும்புக் குழாய்த் துண்டுகள். அதற்குமேல், கலப்பை நிற்பதற்கு அகலமான பலகை. குழாயில் நிற்கும் பலகை தன் பாட்டில் ஓடிவிடாமல் இரண்டு பக்கமும் ஆப்பு. கொத்துக்கலப்பையை அதில் ஏற்றுவதற்கு மட்டும் அவரும் பக்கத்து வீட்டு அக்காவின் மகனும் கை கொடுத்தார்கள். இனி அது இறங்கவேண்டியதில்லை. மிசினிலிருந்து கழற்றும்போதும் நேரே பலகையிலேயே வந்து நிற்கும். ஊசிகள் ஒவ்வொன்றையும் மெல்லிய நைலோன் நூலால் மிசினின் உடம்போடு கட்டினார், இனி மணலுக்குத் தீனி இல்லை. நூல் குட்டையாக, தண்டின் பக்கமே போகாதபடி. துவாய் போன ஆளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு நான் மிசினில் ஏறினேன். டொக்டர் தூக்கக்கூடாது என்றுதான் சொன்னார், ஓட்டக்கூடாது என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஓட்ட நீதான் பழக்கினாய். பின்னால் எடுக்கும்போது தோளுக்கு மேலால் பார், சில்லைப் பார்க்காதே, கலப்பையைப் பார் என்று நீ சொன்னதைச் சொல்லிச் சொல்லித்தான் எடுத்தேன். மாமாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: அவர் தொடக்கூடாது. அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் குந்தியிருந்து, கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்.

முதல் தடவை ஒரு சாண் விலகிப் போனது. இயந்திரத்தை நிறுத்தி இறங்கினேன். ஆப்பைத் தட்டிவிட்டு, அலவாங்குக் கம்பியின் நுனியைப் பலகையின் அடியில் கொடுத்து மெல்ல நெம்பினேன். பலகை உருண்டு மற்றப் பக்கம் ஒரு சாண் போனது. அந்தப் பக்கம் போய் நெம்பினேன். இந்தப் பக்கம் வந்தது. இப்படிக் கொஞ்ச நேரம் அதுவும் நானும் ஊஞ்சல் ஆடினோம். மாமாவால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, ஒரு விரல். ஒரே ஒரு விரலால தொடட்டே?"

"தொட்டா நான் திரும்பத் தொடக்கத்திலயிருந்து செய்யவேணும். பேசாமல் இரு."

"சோதினை மண்டபத்திலயும் இப்பிடித்தான் நிண்டிருப்பியள். பாவம் அந்தப் பிள்ளையள்."

பின் எனக்கு ஒன்று விளங்கியது. மூன்று துளைகளையும் ஒரே நேரத்தில் நேர்ப்படுத்தப் பார்த்ததுதான் நம் பிழை. இரண்டு பேர் வேண்டியிருந்ததும் அதனால்தான். இடது கீழ்க் கையை மட்டும் முதலில் பார்த்தேன். அது ஒன்று நேர் வந்ததும் ஊசியைப் போட்டேன். வலது கீழ்க் கையின் மேலே ஒரு சுற்றுப்பிடி இருக்கிறதே, சரிவு நிலத்துக்கென்று சொல்லி நாம் ஒருநாளும் தொடாதது, அதைச் சுற்றினால் அந்தக் கை மட்டும் ஏறும், இறங்கும். சுற்றினேன், கை மெல்ல இறங்கித் துளைக்கு நேரே வந்தது. இரண்டாவது ஊசி. மேல் கை நடுவில் திருகினால் நீளும், குறுகும். தண்ணீர்க் குழாயைத் திறப்பதுபோலத் திருகினேன். மூன்றாவது ஊசி. கலப்பை ஒரு இடத்தில் பிடிபட்ட பிறகு மற்றவை தாமாக அதைத் தேடி வருகின்றன. ஒவ்வொன்றாகச் செய்தால் ஒரு ஆள் போதும். மாமாவின் பலகை பாரத்தைத்தான் தீர்த்தது; ஆள் கணக்கைத் தீர்த்தது இந்த ஒழுங்கு.

ஏறி இருந்து பிடியை இழுத்தேன். கொத்துக்கலப்பை பலகையை விட்டு எழும்பி நின்றது. என் கை அந்த இரும்பில் பட்டிருக்கவில்லை, ஊசி போட்டபோது விரல் நுனி பட்டதைத் தவிர. வடக்கு மூலையில் நாலு சால் கீறினேன். முதலாவது சால் பாம்பு போன தடம் மாதிரி, மற்ற மூன்றும் அதைப் பார்த்து எழுதிய கொப்பிகள். ஆனால் மணல் பொடிபடவில்லை, உப்பு மேலே வரவில்லை, முன் சில்லு எழும்பவில்லை. அடுத்த நாள் காலையில் எழும்பும்போது முதுகில் ஏதும் புதிதாக நொந்ததா என்று படுக்கையிலேயே கிடந்து தேடினேன். இல்லை.

சால் கீறி முடித்த அன்றே மாமா தோட்டத்தில் நின்றபடி நறுவிலிக்குளத்துக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததையும் நடக்காததையும் சேர்த்துச் சொன்னார். பெரியப்பா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். நாரிக்கு ஏதும் நடந்ததா என்று கேட்டார். இல்லை, அத்தான் என்றேன். தனியவா என்று கேட்டார். தனியத்தான் என்றேன். பிறகு, "அந்தப் பலகை எத்தினை அடி, ரீச்சர்?" என்று கேட்டார்.

பிள்ளை, முடிக்கும்போது இரண்டு விசயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். கொத்துக்கலப்பையைத்தான் நான் பூட்டினேன். சுழல் கலப்பை அதைவிடப் பாரம், அதற்குத் தண்டும் இணைக்கவேண்டும். அதற்கு இன்னொரு சோடிப் பலகை தேவைப்படும், மாமா தேடிக்கொண்டிருக்கிறார். அதை நான் முயலவில்லை. இரண்டாவது, கொழும்பு வேலை உனக்கு உண்மையாகவே பிடித்திருந்தால் போ. கந்தோர்க் கதிரையும் ஒரு காணிதான், அதையும் ஒருத்தி நன்றாக உழலாம். வெயில் அலுத்துவிட்டது, உப்பு அலுத்துவிட்டது, தனியாக இருப்பது அலுத்துவிட்டது என்றால் அதுவும் நியாயமான காரணம். எனக்குச் சொல், நான் விளங்கிக்கொள்வேன். ஆனால் அம்மாவால் தூக்க முடியாது என்பது இனி காரணம் இல்லை. அந்த ஒரு காரணத்தை நான் இன்றைக்கு உன் கையிலிருந்து எடுத்துவிட்டேன். மிச்சமிருக்கும் காரணங்களை வைத்து முடிவெடு.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வருவார். நீ சொல்லச் சொல்வதைத்தான் சொல்லுவேன், ஒரு சொல்லும் கூட்டமாட்டேன். கொத்துக்கலப்பை மிசினில் பூட்டியபடியே நிற்கிறது. கழற்றி அவரிடம் கொடுப்பதா, நாலு சாலுக்குப் பக்கத்தில் ஐந்தாவதை நேராகக் கீறுவதா என்பது உன் விருப்பம். பூட்டுவதை மட்டும்தான் நான் செய்து பார்த்தேன். கழற்றுவதை நான் தொடவில்லை.

அன்புடன்,
அம்மா